குருவடி எங்கே போனது: ஒரு வில்லுப்பாட்டுக் கட்டுரைக்கு ஆசிரியர் தேடிய கதை

ஒரே கட்டுரை மேல் ஒரே வாரத்தில் இரண்டு புகார். ஒன்று, கட்டுரையில் மூன்றாவது பெயராக இருந்த ஆய்வு மாணவி கொடுத்தது. "எழுதியது முழுக்க நான், பெயர் மட்டும் கடைசியில்" என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தார். இன்னொன்று வளைகுடாவிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவியின், அதாவது முன்னின்று கதை பாடுகிறவரின், பேரன் எழுதியிருந்தார்: "எங்க பாட்டா கட்டின பாட்டை ஆசிரியர் பெயர் தெரியாத ஊர்ப்பாட்டு என்று அச்சடித்திருக்கிறீர்கள். அவர் இரணியல் பக்கம் உயிரோடுதான் இருக்கிறார்."

கல்குளம் வட்டத்தில் ஒரு கல்லூரி. கல்லூரியின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். 2022 கடைசியில் அவர்கள் மூவர் குழு ஒன்று போட்டார்கள். அந்தக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர், ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞர், வெளியாள் என்ற முறையில் நாகர்கோவிலில் தமிழ் நடத்தும் நான். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சலிப்புதான் வந்தது. பெயர் வரிசைச் சண்டை தமிழ்த்துறைகளில் புதிதல்ல. பேரனின் கடிதம் இல்லாவிட்டால் ஒரே உட்காரலில் முடித்துவிட்டு வந்திருப்பேன்.

கட்டுரை இசக்கியம்மன் கதை ஒன்றைப் பற்றியது. மாணவி ஒரு கொடையில், அதாவது கோயில் விழாவில், இரவு முழுக்க உட்கார்ந்து கதையைப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, அதில் 98 வரிகளைக் கட்டுரையில் கொடுத்திருந்தார். அந்த 98 வரிகளில் 36 ஒரு தாலாட்டு. பேயாவதற்கு முன் தாயாக இருந்தவள் பாடும் பாட்டு. கட்டுரையின் முடிவே அந்தத் தாலாட்டின் மேல்தான் நின்றது: தனி ஆசிரியன் இல்லாத மக்கள் மனம் தலைமுறைகளாகச் செதுக்கிய கூட்டுப் படைப்பு இது என்று. கட்டுரை நன்றாகவே இருந்தது. அந்தத் தாலாட்டை ஒரு மனிதர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடித்தும் திருத்தியும் எழுதினார் என்பதுதான் சிக்கல்.

சதவீதம் சொன்னது

கல்லூரி எங்களிடம் முதலில் நீட்டிய காகிதம் ஒப்புமை அறிக்கை: கட்டுரையில் எவ்வளவு ஏற்கெனவே அச்சானவற்றோடு ஒத்துப்போகிறது என்று காட்டுவது. மென்பொருள் 43 சதவீதம் என்று சிவப்பில் காட்டியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஆய்வு நேர்மை ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை, 40க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, அதற்கும் மேல் போனால் மூன்றாம் நிலை. ஆய்வேடாக இருந்தால் இரண்டாம் நிலையில் ஓராண்டு திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது, மூன்றாம் நிலையில் பதிவே ரத்து. ஆக 43 என்ற எண்ணைப் பார்த்ததும் அலுவலகத்தில் எல்லோரும் மாணவியைக் குற்றவாளி போலப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஆனால் அதே ஒழுங்குமுறை, ஆதாரம் காட்டிய மேற்கோளையும் நூற்பட்டியலையும் பொதுவான சொற்களையும் தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துவருவதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்கிறது. பாட்டு வரிகளைக் கழித்துவிட்டு ஓட்டினோம். 8 சதவீதம். பாட்டின் தொடக்கத்தில் வரும் காப்பும் முடிவில் வரும் வாழியும் ஏற்கெனவே வேறு பதிப்புகளில் அச்சானவை, அதனால்தான் சிவப்பு ஏறியிருந்தது.

அண்ணாவியின் சொந்த வரிகளில் ஒரு துளி சிவப்பு இல்லை. அவை இதுவரை எங்கும் அச்சேறவில்லையே, மென்பொருள் எதோடு ஒப்பிடும்? யாருக்கும் சொந்தமில்லாத வரிகளுக்குத் திருட்டுப் பட்டம், ஒருவருக்கு மட்டுமே சொந்தமான வரிகளுக்குச் சுத்தம் என்ற சான்று.

மூன்று பெயர்

மாணவியின் புகாரை முதலில் எடுத்தோம். கட்டுரையில் நெறியாளர் பெயர் முதலில், துறைத் தலைவர் இரண்டாவது, மாணவி மூன்றாவது. மூவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, தனித்தனியாக நிரப்பச் சொன்னோம். கிரெடிட் என்ற பெயரில் ஆய்விதழ்கள் பயன்படுத்தும் 14 பங்களிப்புகளின் பட்டியல் அது: கருத்தை உருவாக்கியது யார், தரவு திரட்டியது யார், முதல் வரைவை எழுதியது யார், திருத்தியது யார், மேற்பார்வை யார் என்று போகும். மாணவி ஏழு இடத்தில் குறி போட்டார். நெறியாளர் மூன்றில் போட்டார், அதில் இரண்டு மாணவியோடு பொது. துறைத் தலைவர் வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்துவிட்டுத் தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார். "தலைவர் பேரைச் சேர்ப்பது இங்கே வழக்கம் சார். நான் கேட்கவில்லை, அவர்களே போட்டார்கள்" என்றார். அது உண்மைதான் என்று நினைக்கிறேன். அவரை ஒரு வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய தலைவர் அவர் கட்டுரைகளில் இருந்திருப்பார்.

வழக்கம் என்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு. இயற்பியல் பேராசிரியர் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். யுஜிசியின் 2018 கல்லூரி ஆசிரியர் தகுதி ஒழுங்குமுறையில் கலை, மொழிப் பாடங்களில் ஒரு ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 புள்ளி. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 7, 7. இருவருக்கு மேல் போனால் முதல் அல்லது முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலைக்கு 30. அதாவது 7, 3, 3. கூட்டினால் 10 வராது, முன்னதில் 14, பின்னதில் 13. (ஒரு தேங்காயை உடைத்து ஒன்றரைத் தேங்காய் பங்கு வைக்கிற வித்தை நிர்வாகத்துக்கு மட்டும்தான் தெரியும்.) மரியாதைக்காகச் சேர்த்த அந்த நடுப்பெயர் நெறியாளரின் புள்ளியைத் தொடவே இல்லை. இந்தப் பெண் பின்னால் ஆசிரியையாகிப் பதவி உயர்வுக்கு நிற்கும்போது 7 இருக்கவேண்டிய இடத்தில் 3 இருக்கும்.

இயற்பியலில் பெயர்கள் எப்படி என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். 2015இல் ஹிக்ஸ் போசான் என்ற அணுத்துகளின் நிறையைத் துல்லியமாகச் சொன்ன கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள், 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான் என்றார். அங்கே பெயர் என்பது கிட்டத்தட்ட வருகைப் பதிவேடு. தமிழ்த்துறையில் அது கையெழுத்து. இரண்டையும் ஒரே 70, 30 கொண்டு அளப்பது மீன் தராசில் பொன்னை நிறுப்பது போல.

யார் எழுதினார் என்பதற்கு நாங்கள் நம்பியது மாணவியின் கணினிக் கோப்பைத்தான். இணையத்தில் எழுதியிருந்ததால் பழைய வடிவங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பிப்ரவரியில் ஒரு பத்தி, அழித்து வேறு பத்தி, ஏப்ரலில் தலைப்பு மாற்றம், நெறியாளரின் குறிப்புகள் மே மாதம் ஒரே நாளில். ஓரத்தில் அவர் கேட்ட இரண்டு கேள்விகள் கட்டுரையின் போக்கையே மாற்றியிருந்தன. அதனால் அவரும் ஆசிரியர்தான், சந்தேகமில்லை. இரண்டாவது ஆசிரியர்.

திண்ணையில்

அப்புறம் அண்ணாவி. கல்லூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிருந்தது, அவர் வரவில்லை. வராமலிருந்ததே நல்லது. மூவரும் மாணவியும் அவர் வீட்டுக்குப் போனோம். எழுபத்தைந்து வயதிருக்கும். சுவரில் வில் சாய்ந்திருந்தது, மணிகள் கட்டியபடியே. குடம் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. மாணவியைப் பார்த்ததும், "வா மக்கா, சுகந்தானா?" என்றார். அவள்மேல் அவருக்குக் கோபமே இல்லை என்பது எங்களுக்கு ஒரு சங்கடம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்துக் கொடைகளில் வில்லடி இல்லாமல் சாமி இறங்காது. நடுவில் வில்லையும் வீசுகோலையும் வைத்துக்கொண்டு புலவர் அல்லது அண்ணாவி கதையைச் சொல்லுவார். வலப்பக்கம் வலத்துப்பாட்டு, இடப்பக்கம் இடத்துப்பாட்டு, கூடவே குடம், உடுக்கு, தாளம், கட்டை. கதைக்குள் போவதற்கு முன் ஒரு வரிசை உண்டு: காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம். கடைசியில் வாழி. குருவடி என்பது தனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லி வணங்குகிற இடம்.

அண்ணாவி இரண்டு நோட்டுகளை எடுத்து வந்தார். ஒன்று அவருடைய அப்பா ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியது. கடைசிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு 1117 சித்திரை என்று முடித்திருந்தார், ஆங்கிலக் கணக்கில் 1942. இன்னொன்று அண்ணாவியுடையது, ஆண்டு இல்லை. முதல் நோட்டில் தாலாட்டு கிடையாது. நாட்டுவளம் 8 வரிதான். இரண்டாவதில் நாட்டுவளம் 34 வரி, தாலாட்டு 36. ஆக 62 வரி கூடியிருக்கிறது.

கூட்டியது இவர்தான் என்பதற்கு என்ன சாட்சி? இங்கேதான் வேலை ருசியாக இருந்தது. நாட்டுவளத்தில் இப்படி ஒரு அடி:

"தெக்கெல்லைக் கடல்முழங்கும் தென்குமரி மாவட்டம்
முக்கடலும் கால்கழுவும் முத்துவிளை நன்னாடு"

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆனது 1956 நவம்பர் 1. அப்பா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். எனவே இந்த அடி அவருடையதாக இருக்க முடியாது. தாலாட்டில் அப்படி நாள் காட்டும் சொல் எதுவும் இல்லை. அதற்கு வேறு வழி பார்த்தோம்.

ஒருவர் எழுத்தைக் காட்டிக்கொடுப்பது பெரிய சொற்கள் அல்ல, அவர் நினைக்காமலே போடுகிற சின்னச் சொற்கள். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாகப் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 ஹாமில்டனுடையவையா மாடிசனுடையவையா என்ற சண்டையை மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964இல் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். ஹாமில்டன் 'அப்பான்' (upon) என்ற சின்னச் சொல்லை அடிக்கடி போடுவார், மாடிசனிடம் அது அபூர்வம். கணக்கு மாடிசன் பக்கம் சாய்ந்தது. நானும் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து எண்ணினேன். அப்பாவின் நோட்டில் அடியை நிரப்ப 'அல்லோ' பத்து வரிக்கு ஒன்றாவது வருகிறது. தாலாட்டின் 36 வரியில் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதை வைத்துத் தீர்ப்பு எழுத நான் தயாராக இல்லை. 36 வரி என்பது ஒரு கைப்பிடி அரிசி. அதுவும் தாலாட்டு, கதைப்பாட்டு நடையே அங்கே மாறும்.

முடிவு சொன்னது அடித்தல் திருத்தல்தான். நோட்டின் நடுவில் தாலாட்டு மூன்று தடவை எழுதப்பட்டிருக்கிறது. முதல் தடவை 20 வரி, பாதி அடித்தது. இரண்டாம் தடவை 30. மூன்றாவதில் 36. 1980களில் வளைகுடாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரின் டேப்ரெக்கார்டரில் பதிந்த கேசட் ஒன்றும் கிடைத்தது. அதில் அவர் பாடுவது இரண்டாவது வடிவம். அந்த நோட்டுக்கும் மாணவியின் கணினிக் கோப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பழகிய வரியைப் பாடுகிறவன் அதை அடிக்கமாட்டான், தேடுகிறவன்தான் அடிப்பான்.

வழக்கறிஞர் நேராகவே கேட்டார்: "உங்க பேரை நீங்களே பாட்டில் சொல்லியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லையே?"

"எம்பேரை நானே எப்பிடி சாரே சொல்லுவேன்? குருவடியில அப்பா பேரைச் சொல்லுவேன். எம்பேரை எனக்குப் பொறவு பாடுகவன்லா சொல்லணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "பாடதுக்கு ஆருமில்ல. பேரன் அங்க கெடக்கான்" என்று கையை மேற்கே காட்டினார்.

நான் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற நன்னூல் பாயிரம் அந்தத் திண்ணையில்தான் எனக்கு உறைத்தது. "தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்கிறார் பவணந்தி. அதனால்தான் பாயிரத்தை எழுதுகிற கடமையை நூல் எழுதியவனுக்குக் கற்பித்த ஆசிரியனுக்கும் உடன் கற்றவனுக்கும் மாணாக்கனுக்கும் உரைகாரனுக்கும் கொடுக்கிறார். அந்தப் பாயிரம் சொல்லவேண்டிய பொருள்களில் முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு கற்றவர் என்பார்கள். நூல் அரங்கேறியது அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், "அரில்தபத் தெரிந்து", குற்றம் நீங்க ஆராய்ந்து, என்கிறது பாயிரம். அந்த அதங்கோடு விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடுதான் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துளி சந்தேகமில்லை. ஆக்கியவன் அடங்கியிருப்பான், அருகில் இருப்பவன் பெயரைச் சொல்லவேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. அண்ணாவி தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தார். பாயிரம் சொல்லவேண்டிய இடத்தில் அன்று இருந்தவர் இந்த மாணவி.

வெட்டியது

பதிவைக் கேட்போம் என்றேன். மாணவி கைபேசியில் போட்டார். காப்பு, வருபொருள், அப்புறம் குருவடி. அப்பாவின் பெயர், ஊர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர் எல்லாம் தெளிவாகக் கேட்டது. வாழி பாடும்போது வலத்துப்பாட்டுக்காரர் ஊடே புகுந்து, "தாலாட்டுக் கட்டிவச்ச எங்க அண்ணாவி வாழி" என்று அண்ணாவியின் பெயரையே சொல்கிறார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதிவில் எல்லாம் இருந்திருக்கிறது.

"இதெல்லாம் எழுத்தில் எங்கே அம்மா?" என்றேன்.

"கதைக்கு வெளியே உள்ளது என்று விட்டுவிட்டேன் சார். நெறியாளரும் கதைக்கூறு போதும் என்றார்கள்."

அவ்வளவுதான் நடந்தது. திருட்டுமில்லை, வஞ்சனையுமில்லை. காப்பிலும் வாழியிலும் பழைய பதிப்புகளில் உள்ள வரிகளை எடுத்துக்கொண்டு, ஆள் பெயர் வருகிற இடங்களை மட்டும் சடங்கு என்று வெட்டியிருக்கிறார்கள். பெயரை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, பெயரில்லாத பாட்டு என்று ஒரு கொள்கையும் கட்டியாகிவிட்டது. நானும் என் ஆய்வேட்டில் குருவடிகளை வெட்டியவன்தான். 1990களில் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இதைக் குழுவில் நான் சொல்லவில்லை, சொல்லியிருக்கவேண்டும்.

யாருடைய பெயர் எங்கே

அண்ணாவியைக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கவேண்டும் என்பது இயற்பியல் பேராசிரியரின் கட்சி. அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். கிரெடிட் பட்டியலில் அவருக்கு எந்த இடம் என்று பார்த்தோம். பொருந்துவது 'வளங்கள்' ஒன்றுதான். அதன் விளக்கத்தைப் படித்தால் ஆய்வுப் பொருள், வேதிப்பொருள், நோயாளி, ஆய்வக மாதிரி, விலங்கு என்று போகிறது. பாட்டுக் கட்டினவரை அந்த வரிசையில் உட்காரவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: கணிசமான பங்களிப்பு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்பு. நான்காவது 2013இல் சேர்ந்தது. நம் துறைக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் நல்ல உரைகல். துறைத் தலைவர் நான்கிலும் விழுந்தார். அண்ணாவி விழுவது நான்காவதில்: தன் பாட்டு கூட்டுப் படைப்பு என்று வாதிடும் கட்டுரைக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பார்?

இதை அவரிடமே கேட்டோம். "கட்டுரை எனக்கு வேண்டாம் சாரே. அது இந்தப் பிள்ளை எழுதினதுல்லா. பாட்டு என்னது" என்றார். எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது இங்கே வந்து சேர.

வழக்கறிஞர் சட்டத்தை எடுத்து வைத்தார். 1957 பதிப்புரிமைச் சட்டம் கூட்டு ஆசிரியர் என்று சொல்வது, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபோது. இங்கே 62 வரியும் பிரிந்து நிற்கின்றன. அவற்றின் உரிமை அண்ணாவியின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும். உரிமையை விற்றாலும்கூட இது என்னுடையது என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கும். பாடியவர் என்ற முறையிலும் பெயர் குறிப்பிடக் கோரலாம், 2012 திருத்தம் அதைச் சேர்த்தது. மிச்ச வரிகள் பொதுச்சொத்து.

அவரே இன்னொன்றும் சொன்னார். பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் காணி மக்களின் சொந்தக்காரர்கள் கேரளப் பக்கம் அகத்தியமலையில் 1987இல் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த ஜீவனி மருந்தின் உரிமத்தை 1995இல் பாலோடு தாவரவியல் தோட்ட நிறுவனம் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது. 10 லட்சம் கட்டணம், 2 சதவீதம் உரிமப்பங்கு, அதில் பாதி காணிகளுக்கு. அது அறிவுக்கான பங்கு, சமூகத்துக்குப் போகும். இங்கே கேட்பது பெயர், ஒரு ஆளுக்குப் போகவேண்டும். இரண்டையும் குழப்பி, மரபுக்கலை என்றதும் 'சமூகம்' என்று எழுதிவிடுவது நமக்கு வசதியான பழக்கம். வசதி, ஏனென்றால் சமூகம் மின்னஞ்சல் அனுப்பாது.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைத் தலைவர் தன் பெயரை விலக்கிக் கடிதம் கொடுத்தார், கௌரவமாகவே. மாணவி முதல், நெறியாளர் இரண்டாவது. 62 வரிக்கும் அடியில் அண்ணாவியின் பெயர், மற்ற வரிகளுக்கு அவர் அப்பா பெயர்த்தெழுதிய நோட்டு என்ற குறிப்பு. குருவடியும் வாழியும் முழுதாகப் பின்னிணைப்பில். கூட்டுப் படைப்பு என்ற முடிவுரையை மாணவியே எடுத்துவிட்டு மறுபடி எழுதினார். அண்ணாவியின் மூன்று வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார். முந்தைய கட்டுரையைவிட இது நல்ல கட்டுரை.

ஆய்விதழ் திருத்த அறிவிப்பு போட ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. அவர்களுடைய படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நிறுவனம் என்று ஒரு கட்டம் உண்டு, வெறுமையாக விட்டால் ஏற்காது. அண்ணாவிக்கு நிறுவனம் ஏது? மாணவி அந்தக் கட்டத்தில் அவர் குருவடியில் பாடும் ஊரின் பெயரை எழுதி அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். போன வாரம் கூகுள் ஸ்காலரில் தேடிப் பார்த்தேன். அங்கே இன்னும் பழைய மூன்று பெயர்தான் வருகிறது, துறைத் தலைவர் நடுவில்.